கிகியின் பூனை கடைசியில் பேசவில்லை

சென்ற மாதம் பக்கத்து ஊருக்குப் போயிருந்தேன். புதிதாகத் தொடங்கிய திரைப்படச் சங்கம் ஒன்று ஜப்பானிய அனிமேஷன் படங்களை வரிசையாகத் திரையிடுகிறது. நூலக மாடி, அறுபது நாற்காலிகள், வாசலில் சுக்குக் காப்பி. நடத்துபவர்கள் மூன்று கல்லூரி மாணவர்கள். அன்று மாலை அவர்கள் செய்த பிழைகள் எல்லாவற்றையும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கத்தில், ஏறக்குறைய அதே வரிசையில், நான் செய்து முடித்திருக்கிறேன். வீடு திரும்பியும் மனம் ஆறவில்லை, எழுதுகிறேன்.

கேபிள் கொண்டுவர மறப்பது, ஒலிபெருக்கி கரகரப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒருமுறை பட்டால் போதும், மறுமுறை பையில் இரண்டு கேபிள் இருக்கும்.

‘கார்ட்டூன்தானே’ என்று குழந்தைகள் தினத்தில் போடுவது

‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்’ படத்தில் போரின் கடைசி மாதங்களில் ஆதரவிழக்கும் அண்ணனும் தங்கையும் போர் முடிந்த கையோடு பசியால் சாகிறார்கள். நான் அதை நவம்பர் 14 அன்று போட்டேன். மிட்டாய் வேறு கொடுத்தோம். அதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல விருப்பமில்லை.

அதையும் ‘மை நெய்பர் டோட்டோரோ’வையும் ஒரே மாலையில் போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஜப்பானில் 1988 ஏப்ரல் 16 அன்று இரண்டையும் சேர்த்துத்தான் வெளியிட்டார்கள். போட்டே தீருவதென்றால் டோட்டோரோ இரண்டாவதாக வரட்டும்.

முன்னுரை

ஐந்து நிமிடம். அதற்கு மேல் பேசுபவர் நானாக இருந்தாலும் மைக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

எந்த சப்டைட்டில் என்று பாராமல் ஓடவிடுவது

இதுதான் என்னை இன்றும் உறுத்துவது.

ஜப்பானியப் படங்களின் டிஸ்க்கில் பெரும்பாலும் இரண்டு விதமான ஆங்கில எழுத்துகள் இருக்கும். ஒன்று, ஜப்பானிய வசனத்திலிருந்து மொழிபெயர்த்தது. மற்றது, ஆங்கில டப்பிங்கில் பேசுவதை அப்படியே எழுதியது. காது கேளாதவர்களுக்காகச் செய்தது, மற்ற ஒலிகளையும் பெரும்பாலும் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கும். இரண்டுக்கும் பெயர் ஆங்கிலம்தான். ஒலியை ஜப்பானிய மொழியில் வைத்துவிட்டு இரண்டாவது வகை எழுத்தைப் போட்டால், காதில் விழுவது ஒன்றாகவும் கண்ணில் படுவது வேறாகவும் இருக்கும். நம் ஊரில் ஜப்பானிய மொழி தெரிந்தவர் யார்? யாருக்கும் தெரியாது என்ற துணிச்சலில்தான் நானும் இருந்தேன்.

எங்கள் நான்காவது திரையிடல் இயக்குநர் மியாசாகியின் ‘கிகிஸ் டெலிவரி சர்வீஸ்’, 1989இல் வந்த படம். பதின்மூன்று வயதுச் சூனியக்காரச் சிறுமி கிகி, ஜிஜி என்ற கறுப்புப் பூனையோடு வீட்டை விட்டுப் புறப்பட்டு, கடலோர நகரம் ஒன்றில் துடைப்பத்தில் பறந்து பொருள்களைக் கொண்டுசேர்த்துப் பிழைக்கிறாள். பூனை பேசும், அவளுக்கு மட்டும் புரியும். பாதிப் படத்தில் அவளுக்குப் பறக்கும் சக்தி போய்விடுகிறது, பூனையின் பேச்சும் வெறும் ‘மியாவ்’ ஆகிவிடுகிறது. கடைசியில் நண்பனைக் காப்பாற்றப் போகும்போது பறத்தல் திரும்புகிறது. கூட்டத்தின் நடுவே பூனை வந்து அவள் தோளில் ஏறுகிறது.

எங்கள் திரையில் அந்த இடத்தில் எழுத்து வந்தது: நான் பேசுவது கேட்கிறதா என்று பூனை கிகியிடம் விசாரித்தது. நான் மைக்கைப் பிடித்து இருபது நிமிடம் முழங்கினேன். தன்னம்பிக்கை திரும்பியது, அதனால் பேச்சும் திரும்பியது, இழந்தது அனைத்தும் கைகூடியது என்றெல்லாம். அந்தக் கருத்தையே கதைச்சுருக்கத்தோடு சேர்த்துத் தமிழில் அச்சடித்து நூறு பிரதிகள் முன்னதாகவே கொடுத்தாகிவிட்டது.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு மாணவி கையை உயர்த்தினாள். ஜப்பானிய மொழித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவள். “சார், பூனை கடைசியில் மியாவ் என்றுதான் கத்தியது. அந்த எழுத்து எங்கிருந்து வந்தது?”

அந்தக் காட்சியை மறுபடி ஓட்டினோம். அறுபது பேர் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு பூனையின் குரலைக் கேட்டோம்.

மியாவ்.

நடந்தது இதுதான். 1998இல் அமெரிக்காவில் செய்த ஆங்கில டப்பிங்கில் பூனைக்கு ஃபில் ஹார்ட்மேன் என்ற நகைச்சுவை நடிகர் குரல் கொடுத்தார். பூனை சும்மா இருக்கும் இடங்களிலும் அங்கே பேச்சு சேர்த்தார்கள்; கடைசிக் கேள்வியும் அப்படிச் சேர்ந்ததுதான். 2010இல் மறுவெளியீடு செய்தபோது அந்தச் சேர்க்கைகளை எடுத்துவிட்டார்கள். ஜப்பானிய மூலத்தில் பறத்தல் திரும்புகிறது, பூனையின் பேச்சு திரும்புவதில்லை. அவள் வளர்ந்துவிட்டாள், திரும்பாத ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். படத்தின் உயிரே அங்கே இருக்கிறது. நான் அதற்கு நேர் எதிரானதை நூறு பிரதி அடித்திருந்தேன். எங்கள் உறுப்பினரான ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறார். பூனை பேசியது என்று இன்றுவரை வாதாடுகிறார்.

சென்ற மாதம் பக்கத்து ஊரில் படம் தொடங்கியதும் திரையில் சதுர அடைப்புக்குறிக்குள் ‘காற்று வீசுகிறது’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இடைவேளையில் அந்த மூன்று மாணவர்களில் ஒருவனிடம் சொன்னேன். “யார் சார் அதையெல்லாம் கவனிக்கப் போகிறார்கள்?” என்றான்.

யாரும் கவனிக்க மாட்டார்கள், தம்பி. அதுதான் ஆபத்து. நம் பார்வையாளர்களில் பாதிப் பேர் ஆங்கிலத்தை மெதுவாகப் படித்து, மனத்துக்குள் தமிழாக்கிக்கொண்டு நிமிர்வதற்குள் அந்தக் காட்சி போய்விடும். கையால் வரைந்த புல்வெளியில் காற்று வீசுவதைப் பார்க்க வேண்டிய கண்களை, காற்று வீசுகிறது என்று படிக்கவைத்துக் கீழே இழுக்கிறோம்.

முந்தின நாளே அரங்கில் ஓட்டிப் பாருங்கள். யாரும் பேசாத மூன்று இடங்கள், கடைசிப் பத்து நிமிடம். வாய் அசையாதபோது எழுத்து வந்தாலோ, சதுர அடைப்புக்குறி தென்பட்டாலோ அடுத்த தடத்துக்கு மாற்றுங்கள். பின்வரிசையில் உட்கார்ந்தும் பாருங்கள். முன்னிருப்பவர் தலை எழுத்தை மறைத்தால் திரையை ஓரடி உயர்த்த வேண்டும்.

அனுமதி

வாங்குங்கள்.

மியாசாகியோடு நின்றுவிடுவது

சதோஷி கொன் 1997க்கும் 2006க்கும் இடையில் நான்கு முழுநீளப் படங்கள் எடுத்தார். 2010இல், 46 வயதில் இறந்துபோனார். நான்குமே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். பேசிவிட்டும் கடைசி பஸ்ஸைப் பிடிக்கலாம். ‘பெர்ஃபெக்ட் ப்ளூ’, ‘பப்ரிகா’ இரண்டும் பெரியவர்களுக்கு மட்டும். வீடற்ற மூவர் கிறிஸ்துமஸ் இரவில் ஒரு குழந்தையைக் கண்டெடுக்கும் ‘டோக்கியோ காட்ஃபாதர்ஸ்’ டிசம்பருக்கு.

பெயர்ப் பட்டியல் வந்ததும் விளக்கைப் போடுவது

டோட்டோரோவில் படம் முழுக்க அம்மா மருத்துவமனையில் இருக்கிறாள். அவள் வீடு திரும்பும் காட்சி கதைக்குள் கிடையாது. கடைசியில் பெயர்கள் ஓடும்போது பக்கத்தில் வரும் சின்னச் சின்ன ஓவியங்களில்தான் திரும்பி வருகிறாள். விளக்கைப் போட்டால் அம்மா வீடு வந்து சேர மாட்டாள். 1984இல் வந்த ‘நவுசிகா’விலும் அப்படியே: எல்லாம் ஓடி முடிந்த பிறகு, காட்டுக்கு அடியில் நாயகி நவுசிகாவின் தொப்பியின் பக்கத்தில் ஒரு முளை விட்டிருக்கும்.

ஒன்பது மணிக்குப் பூட்ட வேண்டிய வாட்ச்மேனுக்கு இதெல்லாம் தெரியாது. அவரை முன்னதாகவே அழைத்து, காப்பி கொடுத்து, உட்காரவைத்துப் படம் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த மாணவர்கள் வரும் ஞாயிறு டோட்டோரோ போடுகிறார்கள். சுவிட்சுக்குப் பக்கத்து நாற்காலியை எனக்கு ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன்.