உங்கள் பெயரில் டொமைன் காலியா? பார்க்கும்போது செய்யும் தவறுகள்

சொந்தப் பெயரில் டொமைன், அதாவது இணைய முகவரி, வாங்க நினைக்கும் பலர் முதலில் பிரவுசரில் பெயரோடு டாட் காம் சேர்த்துத் தட்டிப் பார்க்கிறார்கள். பக்கம் திறக்கவில்லையா? சரி, யாரும் எடுக்கவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். டொமைனைப் பதிவது ஒரு வேலை, அதில் தளம் நடத்துவது வேறு வேலை. மின்னஞ்சலுக்கு மட்டும் வைத்திருப்பவர்கள் உண்டு; வாங்கிப் போட்டு மறந்தவர்களும் உண்டு. உண்மை நிலவரம், எந்தப் பெயர் எடுக்கப்பட்டிருக்கிறது என்ற கணக்கு வைக்கும் பதிவேட்டில்தான் இருக்கும். டாட் காம் பதிவேடு வெரிசைன் என்ற அமெரிக்க நிறுவனத்திடம், டாட் இன் பதிவேடு நிக்சி என்ற இந்திய அமைப்பிடம். டாட் காம் பெயரை, டொமைன்களுக்கு விதி வகுக்கும் ஐகேன் அமைப்பின் தேடல் பக்கத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

பதிவேட்டில் காலாவதி தேதி நெருங்கிவிட்டதைப் பார்த்துவிட்டு, மறுநாளே கிடைக்கும் என்று காத்திருப்பது அடுத்த தவறு. டாட் காம் பெயர் காலாவதியான பின்னும் 45 நாள் வரை விற்பனை நிறுவனத்தின் கையில் இருக்கலாம். அப்புறம் உரிமையாளர் அபராதம் கட்டி மீட்டுக்கொள்ள 30 நாள், அதன்பின் அழிப்புக்கு 5 நாள். நல்ல பெயராக இருந்தால் அதற்கு முன்பே ஏலத்துக்குப் போய்விடும்.

தேடினாலே யாராவது பிடித்துக்கொள்வார்கள் என்ற பயமும் பலருக்கு உண்டு. அது வெறும் வதந்தி இல்லை. 2008 தொடக்கத்தில் டொமைன் விற்கும் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம், தன் தளத்தில் தேடப்பட்ட பெயர்களைத் தானே நான்கு நாள் பதிந்து வைத்தது. அந்த நாட்களில் வேறு கடையில் அதை வாங்க முடியாது. வாடிக்கையாளரின் பாதுகாப்புக்காகச் செய்தோம் என்றார்கள்; பலர் நம்பவில்லை. பதிந்த பெயரை ஐந்து நாளுக்குள் செலவில்லாமல் ரத்து செய்யலாம் என்ற விதிதான் இதற்கு வழிவிட்டது. அளவுக்கு மீறி ரத்து செய்தால் பணம் திரும்பாது என்று ஐகேன் 2009-இல் கொண்டுவந்த கட்டுப்பாடு அந்த ஆட்டத்தை அடக்கியது. இருந்தாலும் பெயரைத் தெரியாத தளங்களிலெல்லாம் தட்டிப் பார்த்துவிட்டு ஒரு வாரம் யோசிப்பது வேண்டாத வேலை. யோசிப்பதை முதலில் முடித்துவிட்டுத் தேடுங்கள். கிடைத்தால் அப்போதே வாங்குங்கள்.

நம் பெயர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் எழுதினால் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். இளங்கோவை 'ஐ'யில் (I) தொடங்குபவரும் உண்டு, 'இ'யில் (E) தொடங்குபவரும் உண்டு. யாழினியின் ழகரத்துக்கு ஒருவர் 'இசட் எச்' போடுவார், இன்னொருவர் 'எல்' போடுவார். தன் எழுத்துக்கூட்டல் போய்விட்டது என்று அடுத்ததைப் பிடிப்பவர், பிற்பாடு தனக்கு வரவேண்டிய மின்னஞ்சல் இன்னொருவருக்குப் போவதைப் பார்ப்பார். நடுவில் கோடு போட்டாலும் இதே கதைதான். போனில் சொல்லும்போது யாரும் கோட்டைக் கவனிப்பதில்லை. அதற்கு இனிஷியலைச் சேர்ப்பது மேல். நாம் ஏற்கெனவே கையெழுத்தில் போடுவதுதானே.

தமிழ் எழுத்திலேயே டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் ஆகிய முகவரி முடிவுகளும் இருக்கின்றன. எல்லா விற்பனைத் தளங்களும் இவற்றை விற்பதில்லை. அங்கே காட்டவில்லை என்பதற்காக இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஆனால் தமிழ் எழுத்து முகவரியை ஏற்காத படிவங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. எனவே இதை மட்டுமே நம்பி இருக்க நான் சொல்லமாட்டேன்.

'கிடைக்கும்' என்று வந்ததும் பணம் கட்டிவிடாமல் விலையைப் பாருங்கள். சில பெயர்களுக்குப் பதிவேடே 'பிரீமியம்' விலை வைத்திருக்கும். புதுப்பிக்கும்போதும் அதே கனமான தொகை வரலாம். சாதாரணப் பெயர்களிலும் முதல் வருடச் சலுகை விலைதான் பெரிய எழுத்தில் இருக்கும்.

கடைசியாக, இன்று காலியாக இருக்கும் பெயர் நேற்று யாரிடமாவது இருந்திருக்கலாம். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் போட்டால் பழைய பக்கங்கள் பெரும்பாலும் தெரியும். சூதாட்டத் தளமாகவோ மோசடிக் கடையாகவோ இருந்திருந்தால் அந்தக் கெட்ட பெயர் ஸ்பாம் வடிகட்டிகளில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அப்படிப்பட்டதை விட்டுவிட்டு, இனிஷியல் சேர்த்த இன்னொன்றைத் தேடுங்கள்.