ஒளிர்வதெல்லாம் துணிக்கையன்று: குர்குமின் ஏற்றிய நனோத் துணிக்கை தயாரிக்கும் முறை

புற்றுநோய்க் கட்டிக்கு மருந்தைக் கொண்டு சேர்க்கவும் அக்கட்டியைப் படம்பிடிக்கவும் ஆராயப்படும் பல்பகுதிய (பொலிமர்) நனோத் துணிக்கைகளை, திருகோணமலையில் ஓரளவு வசதியுள்ள இரசாயனவியல் ஆய்வுகூடத்திலேயே பயிற்சிக்காகச் செய்து பார்க்கலாம். மஞ்சளில் உள்ள குர்குமின் ஊதாக்கடந்த ஒளியில் தானே ஒளிர்வதால், மருந்துக்கும் சாயத்துக்கும் அதுவொன்றே போதும். ஆயினும் அது புற்றுநோய்க்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்தன்று.

துணிக்கைகளுக்கு மூலப்பொருள் பிஎல்ஜிஏ. இலக்ரிக் அமிலமும் கிளைக்கோலிக் அமிலமும் இணைந்த இப்பல்பகுதியத்தை உடலிலுள்ள நீர் மெல்லச் சிதைத்து, தயிரைப் புளிக்க வைக்கும் அதே இலக்ரிக் அமிலமாகவும் கிளைக்கோலிக் அமிலமாகவும் மாற்றுகிறது. போத்தலுக்குள் ஈரம் புகுந்தாலும் இதே சிதைவுதான். ஆகவே −20 பாகை செல்சியஸ் உறைபெட்டியிலிருந்து எடுத்த போத்தல்மேல் காற்றின் ஈரம் படியும் என்பதால், அது அறை வெப்பநிலைக்கு வரும்வரை மூடியைத் திறக்கக் கூடாது. ஈரமான வாடைக் காற்று வீசும் மாதங்களில் நான் ஒரு மணித்தியாலமாவது காத்திருப்பேன்.

பிஎல்ஜிஏ 50 மில்லிகிராமையும் குர்குமின் 5 மில்லிகிராமையும் 5 மில்லிலீற்றர் அசற்றோனில் கரைத்து, துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கும் பொலிவைனைல் அற்ககோல் 1 சதவீதம் கரைந்த 20 மில்லிலீற்றர் நீரைக் காந்தக் கலக்கியில் சுழலவிட்டு, அதனுள் ஊசியால் துளித்துளியாக விடுக. அசற்றோன் நீரோடு கலந்துவிட, நீரில் கரையாத பல்பகுதியம் குர்குமினையும் உள்ளடக்கிக்கொண்டு நுண்துணிக்கைகளாகச் சுருங்கும். கரைசல் மஞ்சள் பால்போல் கலங்கும். பின்னர் நெருப்பு எதுவும் இல்லாத புகையுறிஞ்சிக் கூண்டில், அசற்றோன் ஆவியாகும்வரை சில மணித்தியாலங்கள் திறந்தபடி கலக்குக.

பலரும் அவசரப்படுவது இதற்கடுத்த கட்டத்தில்தான். நானும் முதன்முறை கழுவாமலே ஊதாக்கடந்த விளக்கின்கீழ் வைத்து, பச்சையாக ஒளிர்ந்ததைக் கண்டு மகிழ்ந்தேன். மறுநாள் குழாயின் அடியில் மஞ்சள் பொடி படிந்திருந்தது. துணிக்கைக்குள் புகாத குர்குமினும் ஒளிரும் என்பதால், முதலில் மெதுவாக ஐந்து நிமிடம் மையநீக்கியில் சுழற்றி அந்தப் படிவை நீக்கி, மேலுள்ள திரவத்தை 15,000 ஜி (புவியீர்ப்பின் 15,000 மடங்கு) விசையில் அரை மணித்தியாலம் சுழற்றி, அடியில் சேர்ந்த துணிக்கைகளை நீரால் இருமுறை கழுவுக. துணிக்கையின் பருமனும் முக்கியம்: கட்டியின் கசியும் குருதிக்குழாய்கள் வழியே பெரிய மூலக்கூறுகள் கட்டியில் தேங்குவதை ஜப்பானிய ஆய்வாளர்களான மற்சுமுராவும் மயேதாவும் 1986இல் காட்டியதிலிருந்து 200 நனோமீற்றருக்குக் குறைந்த துணிக்கைகளே பெரிதும் நாடப்படுகின்றன. எலிகளில் தெளிவாகத் தெரியும் அத்தேக்கம் மனிதரில் ஆளுக்காள் வேறுபடுகிறது.

உலர்த்துவதற்குக் கனலடுப்பு ஆகாது. ஏறத்தாழ 45 பாகையிலேயே பிஎல்ஜிஏ இளகத் தொடங்கும், ஈரமிருந்தால் இன்னும் முன்னதாகவே இளகும். வெப்பமான கச்சான் காற்று வீசும் மதியத்தில் மேசைமேல் வைத்தாலே துணிக்கைகள் ஒட்டிக்கொள்ளக்கூடும். ஆகவே துணிக்கைகள் ஒட்டாதிருக்கச் சிறிது சீனி சேர்த்து உறையவைத்து உலர்த்தி, எடையறிந்த ஒரு பங்கை அசற்றோனில் கரைத்து, 420 நனோமீற்றரில் ஒளி உறிஞ்சலை அளந்து, அதிலிருந்து உள்ளே சென்ற மொத்தக் குர்குமினைக் கணித்து, இட்ட 5 மில்லிகிராமுடன் ஒப்பிடுக.