மூன்று இழப்புகளையும் ஒரே தாளில் எழுதுங்கள்

எனக்கு மூன்று முறை கரு கலைந்தது. முதலாவது ஏழாம் வாரத்தில், இரண்டாவது ஒன்பதாம் வாரத்தில், மூன்றாவது பத்தாம் வாரத்தில். ஒவ்வொன்றையும் வெவ்வேறு மருத்துவர் பார்த்தார். எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: “இது பலருக்கும் நடப்பதுதான், அடுத்தது நிற்கும்.” முதல் முறை அது சரியான பதில். உறுதிசெய்யப்பட்ட கர்ப்பங்களில் நூற்றுக்குப் பதினைந்து அளவுக்குக் கலைந்துபோகின்றன. ஆனால் என்னுடைய மூன்றையும் சேர்த்து வைத்து யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

மூன்றாவதற்குப் பிறகுதான் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீங்களும் முதலில் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் கடைசி மாதவிடாய்த் தேதி, ஸ்கேன் எடுத்த தேதிகள், இதயத் துடிப்பு தெரிந்ததா, கலைந்தது தானாகவா, மாத்திரையாலா, டி அண்ட் சி (கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது) செய்தா, அப்போது என்னென்ன மருந்து எடுத்துக்கொண்டிருந்தீர்கள் என்று எழுதுங்கள். இன்னொரு விவரம் மிக முக்கியம்: இரத்தப்போக்கு தொடங்கிய வாரம் வேறு, குழந்தையின் வளர்ச்சி நின்ற வாரம் வேறு. எனக்குப் பத்தாம் வாரத்தில் இரத்தம் பட்டது, ஆனால் ஸ்கேன் அளவு எட்டு வாரத்தைத்தான் காட்டியது. மருத்துவர் கேட்பது அந்த எட்டைத்தான். தாளின் அடியில் உங்கள் இருவரின் வயது, உங்கள் இரத்த வகை, தைராய்டு, சர்க்கரை, எப்போதாவது இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்து அடைத்த வரலாறு, குடும்பத்தில் யாருக்காவது இப்படிக் கலைந்திருக்கிறதா என்பதையும் சேருங்கள்.

ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. எனக்கு நான்கு நாள் ஆனது. பழைய ஸ்கேன் அறிக்கைகளைப் பிரிக்க என்னால் முடியவில்லை. என் கணவர் படித்துத் தேதிகளைச் சொல்ல, நான் எழுதினேன். பல மாதங்களுக்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து அழுதது அந்த மேசையில்தான்.

அடுத்த கேள்வி, எப்போது பரிசோதனை கேட்பது? இரண்டாவது இழப்புக்குப் பிறகு நான் கேட்டேன். “மூன்றாவதும் ஆனால் பார்க்கலாம்” என்றார்கள். அந்த வாக்கியம் இன்றும் வலிக்கிறது. மூன்று என்பது சில வழிகாட்டுதல்களில் உள்ள எண்தான். ஆனால் இனப்பெருக்க மருத்துவத்துக்கான ஐரோப்பியச் சங்கமான எஷ்ரே, இரண்டு இழப்புகளையே தொடர் கருச்சிதைவு என்று கொள்கிறது. ஆகவே இரண்டுக்குப் பிறகு கேட்பது அவசரப்படுவது ஆகாது. “எனக்கு இரண்டு முறை கலைந்திருக்கிறது, காரணம் தேட விரும்புகிறேன், யாரைப் பார்க்க வேண்டும்?” என்று நேராகக் கேளுங்கள்.

கேட்க வேண்டிய பரிசோதனைகளில் முதலாவது ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்களுக்கானது. உடல் தானே உண்டாக்கும் இந்த எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி சரியாக உருவாவதைக் கெடுக்கலாம், இரத்தத்தையும் உறையவைக்கலாம். லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைகோபுரோட்டீன் என மூன்று வகை உண்டு, மூன்றையும் பார்க்க வேண்டும். உறுதியானால் குறைந்த அளவு ஆஸ்பிரினும் இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் ஊசியும் தருவார்கள். ஒரே ஒரு முறை பாசிட்டிவ் வந்தால் முடிவு கட்டக் கூடாது, குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். எனக்கு முதல் முறை லேசாகப் பாசிட்டிவ். “கண்டுபிடித்துவிட்டோம்” என்று அன்று எவ்வளவு நிம்மதியாக இருந்தது! பன்னிரண்டு வாரம் கழித்து வந்தது நெகட்டிவ். காரணம் கையில் கிடைத்து நழுவியதுபோல் இருந்தது. ஆனால் தேவையில்லாத ஊசியிலிருந்து அந்த இரண்டாவது பரிசோதனைதான் என்னைக் காப்பாற்றியது.

அதோடு தைராய்டு, சர்க்கரை, கருப்பையின் வடிவம். கருப்பைக்குள் தடுப்புச் சுவர் இருக்கிறதா என்பதை முப்பரிமாண ஸ்கேன் நன்றாகக் காட்டும். தேவையைப் பொறுத்து இருவரின் குரோமோசோம்களையும் (செல்லுக்குள் மரபணுக்களைச் சுமப்பவை) பார்ப்பார்கள். கணவனும் வர வேண்டும். இடம் மாறிய குரோமோசோம் துண்டு அவரிடமும் இருக்கலாம், அதனால் அவர் உடம்பில் எந்தக் குறையும் தெரியாது.

நான் தவறவிட்டது ஒன்று உண்டு, நீங்கள் விடாதீர்கள். கலைந்த திசுவை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்புவது. முதல் இரண்டு முறையும் இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. ஆரம்ப வாரங்களில் கலைபவற்றில் சுமார் பாதிக்குக் கருவின் குரோமோசோம் எண்ணிக்கைப் பிழைதான் காரணம். டி அண்ட் சி செய்வதற்கு முன்பே சொல்லிவையுங்கள்: “திசுவை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், ஃபார்மலினில் போடாதீர்கள்.” ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டால் அந்தப் பரிசோதனை கெட்டுப்போகலாம், சலைன் எனப்படும் சாதாரண உப்புநீரில்தான் வைப்பார்கள். வீட்டில் கலைந்தால் எப்படி எடுத்துவருவது என்று மருத்துவமனையைக் கேளுங்கள். அந்த நேரத்தில் முடியவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அது உங்கள் தவறு இல்லை. முடிவு “இயல்பான பெண்”, அதாவது குரோமோசோமில் பிழை இல்லாத பெண் கரு என்று வந்தால், அது தாயின் செல்கள் கலந்ததால் வந்ததா என்று சரிபார்த்தார்களா எனக் கேளுங்கள். எனது மூன்றாவதில் 16ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருந்தது. பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது தற்செயலாக நேரும் பிழை அது. நான் படி ஏறியதாலோ வேலைக்குப் போனதாலோ வந்தது இல்லை. அந்த அறிக்கையை மடித்து வைத்திருக்கிறேன். முதல் இரண்டுக்கு ஏன் என்று எனக்கு என்றைக்கும் தெரியப்போவதில்லை.

எல்லாம் பார்த்த பிறகும் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காரணம் கிடைப்பதில்லை. அது கெட்ட செய்தி மட்டும் இல்லை. காரணம் தெரியாதவர்களில் பெரும்பாலானோருக்கு, சிகிச்சை எதுவும் இல்லாமலே பின்னால் ஒரு கர்ப்பம் நிற்கிறது. வயதும் இழப்பின் எண்ணிக்கையும் கூடக் கூட அந்த வாய்ப்பு குறையும் என்பதும் உண்மை. இந்த இடத்தில்தான் கவனம் தேவை, ஏனென்றால் ஏங்கிக்கொண்டிருக்கும்போது எதைத் தந்தாலும் வாங்கிக்கொள்வோம். டார்ச் எனப்படும் தொற்றுப் பரிசோதனை தொடர் கருச்சிதைவுக்கு விடை தருவதில்லை. கணவனின் வெள்ளணுக்களை ஊசியாக ஏற்றுவதும் பரிந்துரைக்கப்படுவதில்லை. யாராவது ஒரு சிகிச்சை சொன்னால், “என் அறிக்கைகளில் எதைப் பார்த்து இதைத் தருகிறீர்கள்?” என்று கேளுங்கள். ஆஸ்பிரினையோ ஹெப்பரினையோ நீங்களாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கர்ப்பத்தைத் தாங்க உதவும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனுக்கு மட்டும் ஒரு தெளிவான இடம் உண்டு: முன்பு கலைந்தவருக்கு இப்போதைய கர்ப்பத்தின் தொடக்கத்தில் இரத்தம் பட்டால். பிரிட்டனில் நடந்து 2019இல் வெளியான பிரிசம் ஆய்வில், மூன்றோ அதற்கு மேலோ இழந்து இப்படி இரத்தம் பட்டவர்களில், அந்த மருந்து எடுத்தவர்களில் 72 சதவீதத்தினரும் எடுக்காதவர்களில் 57 சதவீதத்தினரும் குழந்தை பெற்றார்கள். ஆகவே இரத்தம் பட்ட அன்றே மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள். இரத்த வகை நெகட்டிவ் என்றால், குழந்தையின் இரத்தத்துக்கு எதிராக உங்கள் உடல் எதிர்ப்பொருள் உண்டாக்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவையா என்றும் கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பேட் நனைந்தால், மயக்கம், காய்ச்சல், ஒரு பக்க வயிற்றில் கடும் வலி, தோள்பட்டை வலி வந்தால் எதையும் யோசிக்காமல் கிளம்புங்கள்.

மனதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல முடியவில்லை, ஆனால் ஒன்று சொல்கிறேன். கழிவறைக்குப் போகும்போதெல்லாம் இரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பதும், ஸ்கேன் ஜெல்லின் குளிர்ச்சியை நினைத்தாலே நெஞ்சு படபடப்பதும் எனக்கு மாதக்கணக்கில் இருந்தது. பலவீனம் என்றுதான் நினைத்தேன். இலண்டன் மருத்துவமனைகளில் நடந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரம்பத்தில் கருவை இழந்த பெண்களில் 29 சதவீதத்தினருக்கு ஒரு மாதம் கழித்து அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த அறிகுறிகள் இருந்தன, ஒன்பது மாதம் கழித்தும் 18 சதவீதத்தினருக்கு இருந்தன. இதற்கு மனநல ஆலோசனை உண்டு, நான் போனேன். நான் இன்னும் முன்பே போயிருக்க வேண்டும். உங்கள் கணவரையும் யாராவது “நீ எப்படி இருக்கிறாய்?” என்று கேட்கட்டும். என்னவரை யாரும் கேட்கவில்லை.

நான்காவது முறை நாள் தள்ளியபோது மகிழ்ச்சி வரவில்லை, பயம்தான் வந்தது. அதனால் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டோம்: ஆறு, எட்டு, பத்தாம் வாரங்களில் ஸ்கேன், நடுவில் பயந்தால் யாரை அழைப்பது என்ற எண், கூட வர கணவர். அந்த ஒரே தாளை ஸ்கேன் எடுப்பவரிடமும் கொடுத்தேன். மேலே பெரிதாக ஒரு வரி எழுதியிருந்தேன்: “முதலில் துடிப்பு இருக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள். அளவெல்லாம் அப்புறம் எடுக்கலாம்.” அவர் படித்துவிட்டுத் தலையசைத்தார். ஜெல்லைத் தடவி, திரையை என் பக்கம் திருப்பி, முதலில் அதைத்தான் சொன்னார்.