அலங்காரக் குறிப்பேட்டுடன் ஆண்டைத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்கழி பிறந்ததும் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பகுதிகளின் எழுதுபொருள் கடைகளில் புள்ளியிட்ட நோட்டுகளையும் வண்ண டேப்புகளையும் ஸ்டிக்கர் தாள்களையும் தேடி வருவோரைக் காணலாம். வரும் ஆண்டின் வேலைகளைத் திட்டமிட உதவும் பிளானரைத் தாமே வரைந்து, அதிலேயே நாட்குறிப்பையும் வாசிப்புப் பட்டியலையும் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். ஆனாலும் அவற்றுள் பல, பொங்கல் கழிந்தபின் திறக்கப்படுவதே இல்லை. எழுதுபவரின் சோம்பலை இதற்குக் காரணமாகச் சொல்வதைவிட, தொடக்கத்தில் நேரும் தவறுகளைப் பார்ப்பது பயன்தரும் என்று கருதுகிறேன்.

அவற்றுள் பெரியது, பன்னிரண்டு மாதப் பக்கங்களையும் டிசம்பரிலேயே வரைந்து முடித்துவிடுவது. தண்ணீர் குடித்த அளவு, உறங்கிய நேரம், மனநிலை, நடைப்பயிற்சி, செலவு என ஒவ்வொன்றுக்கும் கட்டம் போட்டு வண்ணம் தீட்டியபின், அவற்றுள் எது உண்மையில் தேவை என்பது இரண்டு மூன்று வாரம் எழுதிப் பார்த்தால்தான் தெரியவரும். அதற்குள் ஆண்டு முழுவதற்கும் வடிவம் உறுதியாகிவிடுவதால் மாற்றவும் வழியில்லை. அழகான பக்கத்தில் அடித்தல் திருத்தம் வந்துவிடுமோ என்ற தயக்கமும் சேர்ந்துகொள்ள, எழுத வேண்டிய செய்தி எழுதப்படாமலே போகிறது. அமெரிக்க வடிவமைப்பாளர் ரைடர் கேரல் 2013இல் அறிமுகப்படுத்திய, சிறு குறிகளோடு சுருக்கமாகக் குறிப்பெழுதும் புல்லட் ஜர்னல் முறையில் செய்ய வேண்டியதற்கு ஒரு புள்ளி, முடித்ததற்குப் பெருக்கல் குறி, நினைவில் கொள்ள வேண்டியதற்குச் சிறு கோடு ஆகியவையே அடிப்படை. பூவும் கொடியும் பின்னால் பயன்படுத்தியவர்கள் சேர்த்தவை. ஆகவே முதலில் ஒரு வாரத்துக்கு மட்டும் பக்கம் வரையுங்கள். அலங்காரத்தை வாரம் முடிந்தபின், எழுத்தைச் சுற்றி எஞ்சும் இடத்தில் செய்யுங்கள். அப்போது அந்த வாரம் ஊருக்குப் போன பேருந்துச் சீட்டே ஸ்டிக்கரை விடப் பொருத்தமான அலங்காரமாகிவிடும்.

அடுத்தது, ஊரின் ஆண்டைக் கணக்கில் கொள்ளாதது. சம்பா அறுவடை தை மாதத்தை ஒட்டியே வருகிறது. அறுவடை இயந்திரத்துக்குச் சொல்லிவைப்பது, நெல்லைக் காயவைப்பது, கொள்முதல் நிலையத்தில் காத்திருப்பது, நடுவே பொங்கல், திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை என்று வீட்டில் ஒருவருக்கும் ஓய்வில்லாத நாள்களில், அதிகாலை எழுவது முதல் இரவு ஒரு மணி நேரம் படிப்பது வரை பத்துப் புதிய பழக்கங்களைத் தொடங்கினால் அவை நிலைப்பது கடினம். மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்கும் மரபான நாள் ஜூன் 12. மூடும் நாள் ஜனவரி 28. இவ்விரு நாள்களையும், குறுவை, சம்பா, தாளடி வேலைகள் மிகும் வாரங்களையும், பிள்ளைகளின் தேர்வு மாதத்தையும் முதலில் குறித்துவிட்டு, எஞ்சிய இடத்தில் திட்டம் போடுவதே முறை. தை மாதத்துக்கு ஒரே ஒரு பழக்கம் போதும்.

நாட்குறிப்பில் உணர்ச்சிகளையும் உறுதிமொழிகளையும் மட்டுமே எழுதுவதும் தவறுதான். அவை சில நாள்களிலேயே ஒன்றுபோல் ஆகிவிடும். பிரெஞ்சு ஆட்சியில் மொழிபெயர்ப்பாளராகவும் வணிகராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் எழுதிய நாட்குறிப்பு இன்றும் வரலாற்று ஆய்வுக்குப் பயன்படுவதற்குக் காரணம், கப்பல் வந்த செய்தியையும் வணிகத்தையும் யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்பதையும் அவர் எழுதிவைத்ததே. நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த நாள், நெல் விற்ற விலை, அடைமழை எத்தனை நாள் நீடித்தது, பாட்டி சொன்ன ஒரு சமையல் பக்குவம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால்கூட அந்த நாளின் பக்கம் நிறைந்துவிடும். வங்கிக் கணக்கு எண்ணையும் கடவுச்சொல்லையும் மட்டும் அதில் எழுத வேண்டாம்.

பொருள்களைப் பொறுத்தவரை, 60 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) அளவுள்ள சாதாரண நோட்டில் ஸ்கெட்ச் பேனாவின் மை மறுபக்கம் ஊறிவிடும். வண்ணம் தீட்ட விரும்புவோர் 100 ஜி.எஸ்.எம். தாளைக் கேட்டு வாங்கலாம். படம் ஒட்ட மைதா பசையைப் பயன்படுத்தக் கூடாது. மாவுச்சத்தை நாடி, தாளை அரிக்கும் இராமபாணப் பூச்சி வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாள் ஈரத்தை இழுக்கும் என்பதால் நோட்டைச் சுவரோடு ஒட்டிய அலமாரியில் வைக்காதிருப்பதும் நல்லது.

வாசிப்புப் பக்கத்தில் ஐம்பது புத்தக முதுகுகளை வரைந்து, படிக்கப் படிக்க வண்ணம் தீட்டுவது பலருக்கும் பிடித்தமான முறை. இதில் எண்ணிக்கையே குறிக்கோளாகிவிடுவதால், தடித்த நாவலைத் தள்ளிவைத்து மெல்லிய நூல்களைத் தேடும் மனநிலை வருகிறது. கூடவே, ஜனவரியில் புத்தகக் காட்சிக்குச் சென்று ஆண்டு முழுவதற்குமான நூல்களை மொத்தமாக வாங்கிவிடுவதும் நேர்கிறது. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. அதே ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசென்றார்கள். அப்படி நூல் தேடிவந்த மண்ணில் வாழும் நாம், வாங்கி அடுக்குவதற்கு முன் கிளை நூலகத்தில் உறுப்பினராகி, ஒரு நேரத்தில் ஒரு நூலை எடுத்துவந்து படிக்கலாம். நூலின் பெயர், தொடங்கிய நாள், நின்று யோசிக்கவைத்த பக்க எண், அங்கே தோன்றிய எண்ணம் ஆகியவற்றை இரண்டு வரியில் எழுதுவது, வண்ணம் தீட்டிய ஐம்பது முதுகுகளைவிட அடுத்த ஆண்டில் உதவும். பாதியில் விட்ட நூலையும், விட்ட காரணத்தையும் எழுதத் தயங்க வேண்டாம்.

இடைவெளி விழுந்தபின் விடுபட்ட நாள்களை எல்லாம் நினைவிலிருந்து நிரப்ப முயல்வது கடைசித் தவறு. அந்தச் சுமையே நோட்டை மூடவைக்கும். தேதி அச்சிடாத நோட்டாக வாங்கினால் வெற்றுப் பக்கங்கள் என்ற சிக்கலே எழாது. மாசியில் திரும்ப எடுத்தால், கடைசியாக எழுதிய வரிக்குக் கீழேயே அன்றைய தேதியைப் போட்டுத் தொடரலாம்.