வீட்டு பிளக்கில் மின்சார கார் சார்ஜ் போடுவதற்கு முன்னால்

புதிதாக மின்சார கார் வாங்குகிறவர்கள் என்னைக் கூப்பிட்டுக் கேட்கிற முதல் கேள்வி, "போர்ட்டிகோவில இருக்கிற 15 ஆம்ப்ஸ் பிளக்லயே சொருகிக்கலாமுங்களா?" என்பதுதான். கோவையில் வீட்டு வயரிங் வேலை செய்கிறவன் நான். சொருகலாம், காரோடு வருகிற மூன்று பின் கேபிள் அதற்காகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த பிளக் பாயிண்ட்டைக் கழற்றிப் பார்க்காமல் சொருக வேண்டாம். காரையும் கேபிளையும் சோதித்துத்தான் அனுப்புகிறார்கள். சுவருக்குள் இருக்கிற வயரையும் ஸ்க்ரூவையும் வீடு கட்டி முடித்த நாளுக்குப் பிறகு யாரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சிங்காநல்லூரில் ஒரு ஐயா, "அதே பிளக்ல பத்து வருசமா கீசர் ஓடுதுங்க தம்பி, ஒண்ணும் ஆகலையே" என்றார். நியாயமான கேள்வி. 2 கிலோவாட் கீசர் 9 ஆம்ப்ஸ் அளவுக்கு இழுக்கும்; கால் மணி நேரத்தில் தண்ணீர் சுட்டதும் தெர்மோஸ்டாட் அணைத்துவிடும், பிளக் ஆறிவிடும். கார் அப்படியல்ல. 15 ஆம்ப்ஸ் கேபிளில் 13, 14 ஆம்ப்ஸ் வரை இடைவிடாமல் இழுக்கும். 17.3 யூனிட் பேட்டரி உள்ள எம்ஜி காமெட் காலியாக இருந்தால் நிரம்ப ஏழு மணி நேரம் பிடிக்கும். 24 யூனிட் பேட்டரி உள்ள டியாகோ என்றால் ஒன்பது மணி நேரம் ஆகும். வீடே தூங்குகிற நேரம் அது.

கணக்கு எளிது. ஓர் இணைப்பில் உண்டாகும் சூடு, கரண்ட்டின் வர்க்கத்தோடு ஏறும். லூசான ஒரு ஸ்க்ரூவில் 0.1 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். 14 ஆம்ப்ஸ் போகும்போது அந்த ஒரே புள்ளியில் 20 வாட் சூடு. ரேடியோ ரிப்பேர்க்காரர் ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் ராத்திரி முழுக்க வைத்தால் என்ன ஆகும்? கரண்ட் அளவு மீறினால் தானே அணைந்துகொள்கிற சுவிட்சான எம்சிபி இதைக் கண்டுபிடிக்காது. கரண்ட் அளவு மீறவில்லையே, அது எதற்கு டிரிப் ஆகப்போகிறது?

அந்த ஐயா வீட்டு சாக்கெட்டை மெயின் அணைத்துவிட்டுக் கழற்றினேன். முன்பக்கம் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. பின்னால் நியூட்ரல் முனையைச் சுற்றி மட்டும் காபிக் கறை மாதிரி பழுப்பு. ஸ்க்ரூ டிரைவரை வைத்ததும் கை பாரத்திலேயே அரைச் சுற்று திரும்பியது. வயர் தோல் ஓர் அங்குல நீளத்துக்கு விறைத்துப்போய், விரலால் மடக்கினால் நொறுங்கியது. கீசர் செய்த வேலை அது.

ஆகவே என் முதல் யோசனை, இருக்கிற பிளக்கை விட்டுவிட்டு, மெயின் போர்டிலிருந்து காருக்கென்று தனி லைன் இழுங்கள். 4 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர், பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் இடையில் ஒரு ஜாயிண்ட்கூட இல்லாமல் வர வேண்டும். 2.5 ஸ்கொயர் தாங்குமே என்பார்கள். கிட்டத்தில் இருந்தால் தாங்கும்தான். ஆனால் பைப்புக்குள் மற்ற வயர்களோடு நெருக்கிக்கொண்டு, ஏப்ரல், மே வெயில் குடித்த சுவருக்குள் தினமும் பல மணி நேரம் ஓடப்போகிற லைன் இது. விலை வித்தியாசத்தைப் பார்க்காதீர்கள். பழைய வீட்டில் அலுமினிய வயர் இருந்தால் பேச்சே வேண்டாம், மாற்றியே ஆக வேண்டும்.

சாக்கெட் ஐஎஸ்ஐ முத்திரை உள்ள 16 ஆம்ப்ஸ். பின்னைச் சொருகினால் இறுக்கிப் பிடிக்க வேண்டும், இழுத்தால் லேசில் வரக்கூடாது. கேபிளின் நடுவில் இருக்கிற கட்டுப்பாட்டுப் பெட்டி கனமானது. அதைத் தொங்கவிட்டால் பிளக்கைக் கீழே இழுத்து இழுத்து உள்ளே உள்ள பித்தளைக் கவ்வி அகன்றுவிடும். பக்கத்தில் ஒரு கொக்கி அடித்து அதில் மாட்டுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மல்டி பிளக், ஏசி பாக்ஸுக்குப் போடுகிற மாற்று பின் எதுவும் நடுவில் வரக்கூடாது. வராந்தாவில் வண்டி நிற்கிறது, பிளக் ஹாலில் இருக்கிறது என்று ஜன்னல் வழியாக சுருள் வயர் இழுத்து வைத்திருக்கிற வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. சுருட்டிய வயர் தன் சூட்டைத் தானே அடைகாக்கும்.

போர்டில் இந்த லைனுக்கு 16 ஆம்ப்ஸ் எம்சிபி ஒன்றும், கரண்ட் கசிந்தால் லைனை அணைக்கிற 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி ஒன்றும் போடுங்கள். ஆர்சிசிபியில் 'ஏ' டைப் கேட்டு வாங்குங்கள். கடையில் சாதாரணமாக எடுத்துத் தருகிற 'ஏசி' டைப், காரில் உள்ள சார்ஜரிலிருந்து வரக்கூடிய துடிப்பு டிசி கசிவைச் சரியாகப் பிடிக்காது. கோடையில் எம்சிபி டிரிப் ஆனால், வசதியுள்ள கார்களில் சார்ஜ் கரண்ட்டைக் குறைத்து வையுங்கள். 32 ஆம்ப்ஸ் எம்சிபி மாட்டி வாயை அடைக்காதீர்கள். அப்புறம் வயர் எரிந்தாலும் அது சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்.

இனி எர்த். இதைத்தான் நான் கெஞ்சிச் சொல்கிறேன். பிளக்கைச் சொருகியதும் கேபிளின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து சார்ஜ் ஏறவில்லை என்றால், பெரும்பாலும் கார் கெட்டுப்போகவில்லை. வீட்டில் எர்த் சரியில்லை என்று அது சொல்கிறது. அப்போது சிலர் சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடுகிறார்கள். விளக்கு பச்சையாகிவிடும், கூலியும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். என்றைக்காவது அந்த லைனில் நியூட்ரல் அறுந்தால், கார் பாடி முழுக்க 230 வோல்ட் நிற்கும். கதவைத் தொடுகிற குழந்தைக்கு செருப்புகூட இருக்காது. யார் இதைச் செய்ய வந்தாலும் வீட்டுக்குள் விடாதீர்கள்.

எங்கள் பக்கம் பாறை நிலம். எர்த் பைப்பை ஆழமாக இறக்க முடியாமல் பாதியில் நிறுத்தி மண்ணைப் போட்டு மூடியிருப்பார்கள். மீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் 230 காட்டுகிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம், மோசமான எர்த்தும் அப்படிக் காட்டும். எர்த் டெஸ்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 5 ஓமுக்குள் வந்தால் நல்லது. வராவிட்டால் இன்னொரு குழி தோண்டி இணைக்க வேண்டும். கோடையில் எர்த் குழிக்கு வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

மூன்று பேஸ் வீடுகளில் பேஸ் மாற்றும் சுவிட்ச் இருக்கும். ஒரு பேஸ் போனதும் எல்லாவற்றையும் இருக்கிற பேஸுக்குத் திருப்புவது நம் வழக்கம். காருக்கு சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது அப்படித் திருப்பினால் ஏசி, மோட்டார், கார் எல்லாம் ஒரே வயரில் உட்காரும். முதலில் கார் சார்ஜை நிறுத்துங்கள். இன்வெர்ட்டர் லைனில் கார் பிளக் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈபியில் அனுமதி வாங்கிய லோடு போதவில்லை என்றால் கூட்டி எழுதிக்கொடுங்கள். மாதம் 1000 கிலோமீட்டர் ஓடுகிற சிறிய கார் ஏறத்தாழ 150 யூனிட் குடிக்கும், இரண்டு மாத பில்லில் 300. வீட்டின் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டுகளுக்கான சலுகை விலையில் ஒரு பகுதியும் கைவிட்டுப் போகும்.

முதல் சார்ஜைப் பகலில் போடுங்கள், ஞாயிற்றுக்கிழமை காலை நல்லது. சுவரில் பிளக்கைச் சொருகி, சுவிட்ச் போட்டு, பிறகு கேபிளின் மறுமுனையில் இருக்கிற சார்ஜிங் கன்னைக் காரில் மாட்டுங்கள். எடுக்கும்போது காரில் சார்ஜை நிறுத்தி, கன்னைக் கழற்றி, சுவிட்சை அணைத்து, கடைசியில் பிளக். ஓடுகிற பிளக்கைப் பிடுங்கினால் பொறி பறந்து பின் கருகும். அரை மணி நேரம் கழித்தும், ஒரு மணி, இரண்டு மணி கழித்தும் புறங்கையால் பிளக்கின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்தி என் போன்ற ஒருவரைக் கூப்பிடுங்கள். ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள், வருடம் ஒருமுறை எல்லா ஸ்க்ரூவையும் இறுக்கச் சொல்லுங்கள்.

சாக்கெட்டை நான்கடி உயரத்துக்குக் குறையாமல், மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையில் தரைத்தள பார்க்கிங்குகளில் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று பார்த்தோமே. தண்ணீர் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டு சார்ஜ் போடவே கூடாது.

பிளாஸ்டிக் கருகுகிற வாடை வந்தால் பிளக்கில் கை வைக்காதீர்கள். போர்டுக்குப் போய் எம்சிபியை அணையுங்கள். புகையோ தீயோ தெரிந்தால் மெயினை அணைத்து, எல்லாரையும் வெளியே கூட்டி வந்து, 101க்கு அழையுங்கள்.