வட மொரிசியசின் 1940–1968: பழைய படங்களையும் பெரியவர்களின் நினைவுகளையும் சேர்த்துப் பாதுகாப்பது எப்படி?

மொரிசியசின் வட மாவட்டங்களான பாம்ப்லெமூஸிலும் ரிவியேர் து ராம்பாரிலும் 1940களின் கரும்புத் தோட்ட வாழ்க்கையை நேரில் கண்டவர்களில் இன்று எஞ்சியிருப்போர் எண்பது வயதைக் கடந்துவிட்டார்கள். வீட்டு அலமாரியில் கிடக்கும் கறுப்பு வெள்ளைப் படத்தில் நிற்பவர் யார், பின்னால் தெரியும் முகாம் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) எது என்று சொல்லக்கூடியவர்களும் அவர்கள்தாம். ஆகவே படங்களை ஒரு வேலையாகவும் பேட்டிகளை வேறொரு வேலையாகவும் பிரிக்காமல், படத்தைக் கையில் கொடுத்துப் பேசவைத்து இரண்டையும் ஒரே அமர்வில் பதிவு செய்யுங்கள். கைப்பேசி, தட்டை ஸ்கேனர், நோட்டுப் புத்தகம், மென்மையான பென்சில் ஆகியவை இருந்தால் போதும்.

முதல் படி: காலக்குறிப்புத் தாள்

முதியவர்கள் ஆண்டுக் கணக்கில் பேசுவதில்லை. "ரயில் ஓடிய காலத்தில்", "கரோல் புயலுக்கு முன்னால்" என்றுதான் சொல்வார்கள். அவர்கள் சொல்வதை ஆண்டாக மாற்றிக்கொள்ள, அனைவரும் அறிந்த நிகழ்வுகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 1943 செப்டம்பர் 27 அன்று பெல்வூ ஹரேல் தோட்டத்தில் போராடிய தொழிலாளர்கள்மீது போலீசார் சுட்டதில் கருவுற்றிருந்த அஞ்சலை கூப்பன் உள்ளிட்ட நால்வர் உயிரிழந்தனர். 1948 ஆகஸ்ட் தேர்தலில், ஏதேனும் ஒரு மொழியில் எளிய எழுத்தறிவு பெற்றிருந்தவர்களுக்கும் வாக்குரிமை கிடைத்ததால், தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் பலர் முதன்முறையாக வாக்களித்தனர். 1940களின் இறுதியில் மலேரியாவை ஒழிக்க வீடு வீடாக டிடிடி மருந்து அடித்தார்கள். 1956இல் பயணிகள் ரயில் நின்றது. சரக்கு ரயில் 1964 வரை ஓடியது. 1960 ஜனவரியில் அலிக்ஸ், பிப்ரவரி இறுதியில் கரோல் என இரு புயல்கள் அடுத்தடுத்து வந்து பல்லாயிரம் வீடுகளை அழித்தன. 1968 மார்ச் 12 அன்று நாடு விடுதலை பெற்றது.

இத்தாள் படத்தைப் படிக்கவும் உதவும். கரும்புத் தோகை வேய்ந்த வீடு தெரிந்தால் அது பெரும்பாலும் கரோலுக்கு முந்தையது. கான்கிரீட் வீடுகள் பரவலாக எழுந்தது அப்புயலுக்குப் பின்னரே. இது உறுதியான சான்று ஆகாது என்றாலும், "இது புயலுக்கு முன்னா, பின்னா?" என்று கேட்பதற்கு வழி திறக்கும்.

இரண்டாம் படி: ஒப்புதல்

பதிவுக்கு முன்னரே, குரலும் படமும் எங்கெல்லாம் போகலாம் என்பதை அவருக்குப் பழகிய மொழியில் விளக்கி, கையொப்பத்துடன் எழுதி வாங்குங்கள். குடும்பத்துக்குள் மட்டும், ஆய்வாளர்களுக்கு மட்டும், அனைவருக்கும் என மூன்று தேர்வுகளைக் கொடுப்பது நல்லது. பெல்வூ ஹரேல் போன்ற துயரங்களைப் பேசும்போது, ஒரு பகுதியைச் சில ஆண்டுகள் மூடி வைக்கச் சொல்லும் உரிமையும் அவருக்கு உண்டு.

மூன்றாம் படி: படங்களைக் கையாளுதல்

கைகளைக் கழுவி நன்றாக உலர்த்திய பின் படத்தின் ஓரங்களை மட்டும் பிடியுங்கள். ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தை உரித்தெடுக்க முயலாமல், பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிப்போனதற்கும் இதுவே வழி. புளித்த காடி வாசனை வீசும் நெகடிவ்கள் சிதையத் தொடங்கியவை. அவற்றை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வையுங்கள்.

சாதாரண அளவுப் படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள் என்ற ஸ்கேன் நுணுக்க அளவு), தீப்பெட்டி அளவுப் படத்துக்கு 1200 டிபிஐ வைத்து, தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாகச் சேமிக்கவும். கறுப்பு வெள்ளைப் படமானாலும் வண்ண முறையிலேயே ஸ்கேன் செய்ய வேண்டும். அப்போதுதான் பழுப்பேறிய கறையும் மையெழுத்தும் வேறுபட்டுத் தெரியும். பின்புறத்தைத் தவறாமல் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோ முத்திரை, தேதி, யாரோ எழுதி அனுப்பிய இரண்டு வரி என முன்புறம் சொல்லாததெல்லாம் அங்கேதான் இருக்கும். கோப்புகளுக்கு "வட-0012-முன்", "வட-0012-பின்" என்று எண்ணிட்டு, அதே எண்ணைப் படத்தின் பின் ஓரத்தில் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை மூலமாக வைத்துக்கொள்ளக் கூடாது. அனுப்பும்போதே அது சுருங்கிவிடுகிறது.

நான்காம் படி: நினைவுகளைப் பதிவு செய்தல்

மின்விசிறியையும் வானொலியையும் நிறுத்தி, கைப்பேசியை அழைப்புகள் வராத விமானப் பயன்முறையில் (flight mode) வைத்து, பேசுபவருக்கு ஒன்றிரண்டு சாண் தூரத்தில் துணிமேல் வையுங்கள். சுருக்கப்படாத வேவ் (WAV) ஒலிக்கோப்பாகப் பதியும் செயலியைத் தேர்ந்தெடுத்து, ஒரு நிமிடம் சோதித்துக் கேட்ட பிறகே தொடங்குங்கள். முதலில் தேதி, இடம், இருவர் பெயர் ஆகியவற்றை நீங்களே சொல்லுங்கள்.

மிக முக்கியமானது இதுதான்: பெரியவர் விரல் வைத்துக் காட்டும்போது ஒலிப்பதிவில் அந்த விரல் தெரியாது. "இவன் என் தம்பி" என்று அவர் சொன்னவுடன், "பன்னிரண்டாம் எண் படம், இடமிருந்து மூன்றாவதாகச் சொம்போடு நிற்பவர்தானே பாட்டி?" என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இந்த ஒரு பழக்கம் இல்லையென்றால், இருபது ஆண்டுகள் கழித்துக் கேட்பவருக்கு அப்பதிவு பாதிதான் பயன்படும்.

ஆம், இல்லை என்று முடியும் கேள்விகளைத் தவிருங்கள். "வேலைநிறுத்தம் நடந்ததா?" என்பதைவிட, "அந்த வாரம் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது?" என்பது அதிகம் தரும். 1943 கலவரம் பற்றி மூடி (Moody) என்பவர் தலைமையிலான அரசு விசாரணை ஆணையத்தின் அறிக்கை இருக்கிறது. அன்றிரவு முகாமில் பிள்ளைகளை எங்கே ஒளித்தார்கள், ரொட்டிக்கு மாவு எங்கிருந்து வந்தது என்பதையெல்லாம் அங்கே வாழ்ந்தவர்தான் சொல்ல முடியும். அவர் பேச்சை நிறுத்தினால் பத்து நொடி பொறுத்திருங்கள்.

எந்த மொழியில் பேசினாலும் தடுக்க வேண்டாம். நம் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலோர் பிரெஞ்சு அடிப்படையிலான தீவின் பேச்சுமொழியான கிரியோலில் நினைக்கிறார்கள். வடக்கில், வட இந்தியக் குடியேறிகள் கொண்டுவந்த போஜ்புரி மொழியை நன்கு பேசும் தமிழர்களும் உண்டு. தமிழில் சொல்லும்படி வற்புறுத்தினால் நினைவு சுருங்கிவிடும் என்பது என் உறுதியான கருத்து. கோவில், தேர், காவடி பற்றிய பேச்சு வந்தால் தமிழ்ச் சொற்கள் தாமாகவே வந்துவிடும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அவரைக் களைப்படையச் செய்யாதீர்கள்.

ஐந்தாம் படி: அட்டவணையும் நகல்களும்

எக்செல் தாளில் படத்தின் எண், இடம், உத்தேச ஆண்டு, அந்த ஆண்டைச் சொன்னவர், ஒலிப்பதிவில் அது வரும் நிமிடம் ஆகியவற்றை எழுதுங்கள். பெயர்களைத் தமிழிலும், அரசுப் பதிவேட்டில் உள்ள பிரெஞ்சுப் பாணி எழுத்துக்கூட்டலிலும் குறிக்க வேண்டும். முத்துசாமி என்ற ஒரே பெயர் பல வடிவங்களில் பதிவாகியிருப்பதால் இரண்டும் இல்லாமல் தேட முடியாது.

மூன்று நகல்கள், இரு வேறு சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறு ஊரில் என்பது நம் தீவுக்கு மிகவும் பொருந்தும் விதி. நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம் என்பதால் மூலப் படங்களைத் தகரக் கூரைக்கு அடியிலோ தரையிலோ வைக்காமல், அமிலமற்ற காகித உறையில் இட்டு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் மூடிய பெட்டியில் உயரமான இடத்தில் வையுங்கள்.

சேகரிப்பு ஓரளவு வளர்ந்த பின், இந்தியக் குடியேற்ற ஆவணங்களைக் காத்துவரும் மோக்காவின் மகாத்மா காந்தி நிறுவனத்தையோ தேசிய ஆவணக் காப்பகத்தையோ அணுகலாம். அட்டவணையையும் ஒப்புதல் தாள்களின் நகல்களையும் கோப்புகளோடு சேர்த்துக் கொடுங்கள். குடும்பத்தினர் தாமாகவே கொடுக்க முன்வந்தாலன்றி மூலப் படங்கள் அவர்களிடமே இருக்கட்டும். பேசியவருக்கு ஒலிப்பதிவின் நகலும், பெரிதாக்கி அச்சிட்ட ஒரு படமும் அதே மாதத்தில் கிடைத்துவிட வேண்டும்.