ஒளி மறைந்தால் கிருமி ஒழிந்ததா? உயிரொளிர்வு இமேஜிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒளிரும் பாக்டீரியாவைச் சுண்டெலிக்குள் செலுத்தி, தொற்று பரவுவதை அது உயிரோடு இருக்கும்போதே கேமராவில் பார்க்கலாம் என்பது 1995-லேயே சால்மோனெல்லாவை வைத்துக் காட்டப்பட்டது. புதிதாக வருகிறவர்கள் இன்றும் பழைய இடங்களிலேயே சறுக்குகிறார்கள். கேமராப் பெட்டியைச் சரியாக மூடாதது போன்றவை முதல் படத்திலேயே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடலாம்.

பிளாஸ்மிட்டை நம்பி எலிக்குப் போவது

ஒளியை உண்டாக்கும் லக்ஸ் மரபணுக்களை, குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ வளையமான பிளாஸ்மிட்டில் ஏற்றுவது சுலபம்; ஒளியும் கண்ணைப் பறிக்கும். ஆனால் ஆண்டிபயாடிக்கைத் தாங்கும் மரபணுவும் அதே பிளாஸ்மிட்டில் இருப்பதால், வளர்ப்பு ஊடகத்தில் அந்த மருந்து இருக்கும்வரைதான் பாக்டீரியா அதை விடாமல் வைத்திருக்கும். எலிக்குள் அந்தக் கட்டாயம் இல்லை. ஒளிர்வதற்கு ஆற்றலும் செலவாகிறது. அதனால் பிளாஸ்மிட்டைத் தொலைத்த செல்கள் வேகமாகப் பெருகி மற்றவற்றை முந்திவிடும். முதல் நாள் பளிச்சென்று தெரிந்த வயிறு ஐந்தாம் நாள் இருண்டு கிடக்கும். உடனே "மருந்து கேட்டுவிட்டது" என்று குறிப்பேட்டில் ஏறிவிடும். அத்தனை எலிகளின் உயிரும் ஒரு பொய்யான வரைபடத்துக்குப் போனதாக ஆகும். இதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

சோதிப்பது கடினமல்ல. கல்லீரலை அரைத்து, பத்துப் பத்து மடங்காக நீர்த்து, ஒவ்வொரு நீர்ப்பையும் இரண்டு தட்டுகளில் பரப்புங்கள்: ஒன்று வெறும் அகார், மற்றது ஆண்டிபயாடிக் கலந்தது. வெறும் தட்டின் கணக்கு 1 கோடி, மற்றதன் கணக்கு 10,000 என்றால், ஆயிரத்தில் ஒரு செல்லிடம்தான் பிளாஸ்மிட் மிச்சம்.

டிஎன்ஏ-வுக்குள் தானே போய் ஒட்டிக்கொள்ளும் துண்டான டிஎன்7 டிரான்ஸ்போசான் வழியாக மரபணுக்களைக் குரோமோசோமிலேயே பதித்துவிடுங்கள். நகல் ஒன்றுதான் என்பதால் ஒளி குறையும். அதை ஈடுகட்ட, மரபணுவை இயக்கிவிடும் முன்பகுதியான புரொமோட்டரை வலுவானதாகப் போடுங்கள். எலிக்குக் கொடுக்குமுன் ஆண்டிபயாடிக் இல்லாத ஊடகத்தில் தினமும் நூற்றுக்கு ஒரு பங்கு மாற்றி ஒரு வாரம் வளர்த்து, தட்டை இருட்டில் படமெடுங்கள். ஒளிராத காலனி தென்பட்டால் அந்த வகையை ஒதுக்குங்கள். வளரும் வேகம் தாய் வகையோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.

ஆக்சிஜனை மறப்பது

ஒளியை உண்டாக்கும் லூசிஃபரேஸ் நொதி ஆக்சிஜன் இல்லாமல் வேலை செய்யாது. பெருங்குடலில் ஆக்சிஜன் மிகவும் குறைவு. வெளியிலிருந்து இருட்டாகத் தெரிந்த குடலை எடுத்துக் காற்றுப்பட விரித்தால், சற்று நேரத்தில் ஒளிரத் தொடங்குவதுண்டு. குடல் தொற்றில் இந்தச் சோதனையைத் தவறவிடாதீர்கள்.

ஆழம் வேறுபட்ட உறுப்புகளை ஒப்பிடுவது

ஒளியின் உச்சம் 490 நானோமீட்டர். 600-க்குக் கீழே உள்ளதை ஹீமோகுளோபின் விழுங்கிவிடும். அதனால் ஆழத்திலிருந்து வரும் ஒளி குறைந்தே தெரியும். தோலடிக் கட்டியின் ஒளி அளவையும் மண்ணீரலின் ஒளி அளவையும் ஒரே அச்சில் வைக்காதீர்கள். அதே உறுப்பை நாளுக்கு நாள் ஒப்பிடலாம்.

கறுப்பு முடி

அது ஒளியை விழுங்கும். படமெடுக்குமுன் மழித்துவிடுங்கள்.

ஃபுளோரசன்ஸுக்கு மாறும்போது தீவனம்

ஃபுளோரசன்ஸில் வெளியிலிருந்து ஒளி பாய்ச்சித்தான் ஒளிர வைக்கிறோம். அப்போது குதிரைமசால் கலந்த தீவனத்தின் பச்சையமும் வயிற்றில் சிவப்பாக ஒளிரும். ஒரு வாரம் முன்பே அது இல்லாத தீவனத்துக்கு மாற்றுங்கள்.

தொற்றில்லாத எலி இல்லாத படம்

எடுக்காதீர்கள். ஒப்பிட ஒரு தொற்றில்லாத எலி எப்போதும் படத்தில் இருக்கட்டும்.